பண்டைய கெல்டியர் வரலாறு: எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கெல்டியரைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வருபவை ட்ரூயிட் (கெல்டியரின் சமய குரு) மந்திரங்கள், மர ஜாதகம், பின்னல் கோலம் பொறித்த மோதிரங்கள். உண்மையான சான்றுகள் அந்தக் குவியலுக்குக் கீழே கிடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் போதும். கல்லூரிக் கட்டுரைக்காகவும் சொந்த ஆர்வத்தாலும் தேடுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கெல்டியர் என்று யாரைச் சொல்கிறார்கள்?

இதில் தெளிவில்லாமல் இறங்கினால் பாதி உழைப்பு வீணாகிவிடும். ஒரே பெயரை மூன்று வெவ்வேறு கூட்டத்தாருக்கு வைத்திருக்கிறார்கள்.

முதல் கூட்டம், கிரேக்க, ரோமானிய நூலாசிரியர்கள் கெல்டியர் என்று குறிப்பிட்டவர்கள். டான்யூப் ஆறு கெல்டியர் நாட்டில் தோன்றுகிறது என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸ் எழுதினார். காலியா, அதாவது இன்றைய பிரான்சும் அதையொட்டிய பகுதிகளும், மூன்று பிரிவாக இருந்தது. அதில் ஒரு பிரிவினர் தங்கள் மொழியில் தங்களைக் கெல்டியர் என்று சொல்லிக்கொண்டார்கள் என்கிறார் ஜூலியஸ் சீசர். இரண்டாவது கூட்டம், கெல்டிக் மொழிகளைப் பேசியவர்கள். காலிய மொழி, லெபோன்டிய மொழி, ஸ்பெயினின் கெல்டிபேரிய மொழி ஆகியவை மறைந்துவிட்டன. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மான்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகியவை இன்றும் பேசப்படுகின்றன. மூன்றாவது கூட்டம் தொல்லியலாளர்கள் வகுத்தது: ஹால்ஸ்டாட், லா டென் என்ற இரு பாணிகளில் பொருள்களைச் செய்து புழங்கியவர்கள்.

இந்த மூன்று வட்டங்களும் ஓரளவுதான் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பிரிட்டன், அயர்லாந்து மக்களைப் பண்டைய நூலாசிரியர்கள் கெல்டியர் என்று அழைக்கவில்லை. அந்தத் தீவுகளின் மொழிகளும் காலிய மொழியும் உறவுடையவை என்று எட்வர்ட் லுய்ட் 1707-இல் விரிவாகக் காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் வேரூன்றியது. ஆகவே "கெல்டியர் இப்படி நம்பினார்கள்" என்று ஒரு நூல் சொன்னால், எந்தக் கெல்டியர், எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று அந்த நூலே சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அதைச் சான்றாக எடுக்காதீர்கள்.

அவர்களே எழுதிவைத்தது எதுவும் இல்லையா?

இருக்கிறது. "கெல்டியருக்கு எழுத்தே தெரியாது" என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. நூல்கள் இல்லை, காவியங்கள் இல்லை. கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஈயத் தகடுகளும் பானைக் கீறல்களும் இருக்கின்றன. வட இத்தாலியின் லெபோன்டிய எழுத்துகள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போகின்றன. ஸ்பெயினில் சரகோசா அருகே போட்டோரிட்டாவில் 1970-இல் கிடைத்த வெண்கலத் தகட்டில் நீண்ட கெல்டிபேரிய வாசகம் இருக்கிறது. பிரான்சின் தென்பகுதியில் காலிய மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். ரோமானிய ஆட்சி வந்தபின் லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள்.

இவற்றில் மிகப் புகழ்பெற்றது கொலின்யி நாட்காட்டி. 1897-இல் பிரான்சில் உடைந்த வெண்கலத் துண்டுகளாகக் கிடைத்தது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளின் மாதங்களும் நாள்களும் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சந்திர மாதங்களைச் சூரிய ஆண்டோடு இணைக்க அதிக மாதம் சேர்த்திருக்கிறார்கள். இன்று லியோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1971-இல் ஷமாலியேர் ஊற்றிலும் 1983-இல் லார்சாக் கல்லறையிலும் கிடைத்த ஈயத் தகடுகள் மந்திர வாசகங்கள் கொண்டவை. லார்சாக் தகட்டில் பெண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இரண்டையும் முழுமையாகப் படித்துப் பொருள் கொள்ள இன்னும் யாராலும் முடியவில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானவை லா கிராஃபெசென்க் குயவர்களின் கணக்குகள். கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் தென் பிரான்சின் அந்தக் குயவர் குடியிருப்பில், சூளையில் அடுக்கிய தட்டுகளையும் கிண்ணங்களையும் எண்ணி, யார் எத்தனை செய்தார் என்று தட்டிலேயே கீறி வைத்தார்கள். சூளை வரிசையைக் குறிக்கும் காலிய எண்ணுப் பெயர்கள் முதலாவதிலிருந்து பத்தாவது வரை அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. தெய்வமும் மந்திரமும் தேடி ஓடுபவர்கள் இந்தக் கணக்குச் சீட்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உழைத்த மனிதர்களின் அன்றாடப் பேச்சு இவ்வளவு அருகில் வேறெங்கும் கேட்பதில்லை.

கிரேக்கரும் ரோமானியரும் எழுதியதை எவ்வளவு நம்பலாம்?

நம்பலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் முடியாது. எழுதியவர் நேரில் பார்த்தாரா, எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

சீசரை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 58 முதல் காலியாவில் போரிட்டவர். கி.மு. 52-இல் அலேசியாவில் காலியப் படைத் தலைவர் வெர்சிங்கெட்டோரிக்ஸை வென்றவர். நேரில் இருந்தவரின் எழுத்து என்பதால் அவருடைய நூல் விலைமதிப்பற்றது. ஆனால் ரோமின் அரசியல் களத்தில் தன் செல்வாக்கைக் காப்பதற்காக எழுதப்பட்ட போர் அறிக்கை அது. ஹெல்வெட்டியர் என்ற இனத்தாரின் பாசறையில் கிரேக்க எழுத்தில் எழுதிய ஆள் கணக்கு கிடைத்தது, மொத்தம் 368,000 பேர் என்கிறார். கிரேக்க எழுத்து அங்கே புழங்கியது என்ற செய்தி மற்றச் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. எண்ணிக்கையை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஒரே வாக்கியத்தில் ஒரு பாதியை ஏற்று மறு பாதியை ஐயப்பட வேண்டிய நிலை. இப்படித்தான் அவரைப் படிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: அந்த நூலின் எட்டாவது பகுதி அவர் எழுதியதே அல்ல, அவருடைய அலுவலர் ஆலஸ் ஹிர்டியஸ் எழுதியது.

ட்ரூயிட்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு அந்த நூலின் ஆறாம் பகுதியிலிருந்து வருகிறது. சிலர் 20 ஆண்டு பயிற்சி பெற்றார்கள், கற்றதை எழுத்தில் வைக்க மறுத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதே சீசருக்கு டிவிசியாகஸ் என்ற காலியத் தலைவர் நெருங்கிய நண்பர். நூலில் பல இடங்களில் வருகிறார். அவர் ஒரு ட்ரூயிட் என்ற செய்தியைச் சீசர் எங்குமே சொல்லவில்லை. அது சிசரோவின் நூலிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. தன் அருகில் இருந்த ட்ரூயிடை ஒரு அரசியல்வாதியாக மட்டும் காட்டிவிட்டு, ட்ரூயிட்களைப் பற்றிப் பொதுவாக ஒரு பகுதி எழுதினார் என்றால், அந்தப் பகுதி எங்கிருந்து வந்தது?

இங்கேதான் பொசிடோனியஸ் வருகிறார். கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் காலியாவுக்குப் பயணம் செய்த கிரேக்க அறிஞர். அவருடைய நூல் அழிந்துவிட்டது. ஸ்ட்ராபோ, டியோடோரஸ், அதெனேயஸ் ஆகியோர் அதிலிருந்து எடுத்தாண்டார்கள். சீசரும் பயன்படுத்தியிருக்கலாம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. ஆகவே, "ஸ்ட்ராபோவும் டியோடோரஸும் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள், எனவே உறுதி" என்று எழுதிவிடாதீர்கள். ஒரே கிணற்றில் இரண்டு குடம் மொண்டால் இரண்டு கிணறு ஆகிவிடாது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறாம் பிறையன்று பொன் அரிவாளால் புல்லுருவி அறுக்கும் ட்ரூயிட் சடங்குக்கு மூத்த பிளினி ஒருவரே ஆதாரம். வேல்ஸ் கரையோர ஆங்கில்சி தீவின் மீது கி.பி. 60-ஐ ஒட்டி ரோமானியர் நடத்திய தாக்குதலை டாசிடஸ் அரை நூற்றாண்டு கழித்து எழுதினார். அவருடைய மாமனார் அக்ரிகோலா அந்தக் காலத்தில் அதே தளபதியின் கீழ் பிரிட்டனில் பணியாற்றியவர், ஆகவே நல்ல செய்தி கிடைத்திருக்க வாய்ப்புண்டு. ரோம் நகரம் காலியரால் சூறையாடப்பட்டதை லிவி எழுதியதோ, நிகழ்ந்து ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்குப் பிறகு.

அயர்லாந்து, வேல்ஸ் கதைகளைப் பண்டைய காலச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

அவற்றை முதலில் இடைக்கால இலக்கியமாகப் படியுங்கள். ஐரிஷ் வீரக் கதைகளைத் தாங்கிய மிகப் பழைய பெருஞ்சுவடி கி.பி. 1100-ஐ ஒட்டி எழுதப்பட்டது. இன்று டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது. லெயின்ஸ்டர் சுவடி 12-ஆம் நூற்றாண்டு. வெல்ஷ் மபினோகி கதைகள் முழுமையாகக் கிடைக்கும் சுவடிகள் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கதைகளின் மொழி சுவடியைவிடப் பழையது, சில பகுதிகள் 8-ஆம் நூற்றாண்டு வரை போகலாம். அப்படியும் சீசருக்கும் அவற்றுக்கும் நடுவே எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் இருக்கின்றன. எழுதியவர்களும் விவிலியமும் லத்தீனும் படித்த கிறித்தவத் துறவிகள்.

1964-இல் கென்னத் ஜாக்சன், ஐரிஷ் வீரக் கதைகளை இரும்புக் காலத்துக்குள் எட்டிப் பார்க்கும் சாளரம் என்று வாதிட்டார். பல ஆண்டுகள் அந்தக் கருத்து கோலோச்சியது. பிறகு கதைகளில் வரும் வாள்களை ஜேம்ஸ் மல்லோரி அகழ்வில் கிடைத்த வாள்களோடு ஒப்பிட்டார். நீண்டு, ஓங்கி வெட்டும் கதை வாள்கள் அயர்லாந்தின் குட்டையான இரும்புக் கால வாள்களோடு பொருந்தவில்லை. பிற்கால வாள்களோடுதான் பொருந்தின.

அதற்காக அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கதைகளில் அரச நகரமாக வரும் எவின் மாஹா, வட அயர்லாந்தின் நவான் கோட்டை என்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அங்கே அகழ்ந்தபோது 40 மீட்டர் அகலமுள்ள வட்டக் கட்டடம் வெளிப்பட்டது. அதன் நடுத்தூணாக நின்ற ஓக் மரம் கி.மு. 95-ஐ ஒட்டி வெட்டப்பட்டது என்று மர வளையக் கணிப்பு சொல்கிறது. கதை சொன்ன இடம் உண்மையிலேயே பெருமை வாய்ந்த இடம்தான். கதை சொன்ன நிகழ்ச்சிகளுக்கு அது சான்றாகாது. லெயின்ஸ்டர் சுவடியில் அந்த வீரக் கதைகளில் ஒன்றான மாட்டுக் கவர்தல் காவியத்தைப் படியெடுத்த எழுத்தர் இறுதியில் லத்தீனில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: இந்த வரலாற்றை, அல்லது கட்டுக்கதையை, எழுதிய நான் இதிலுள்ள சிலவற்றை நம்பவில்லை என்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் அவர் காட்டிய எச்சரிக்கையையாவது நாமும் காட்ட வேண்டும்.

தொல்லியல் பக்கம் எங்கே தொடங்குவது?

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில். உப்புச் சுரங்க அலுவலர் யோஹன் கியோர்க் ராம்சவர் 1846 முதல் 1863 வரை அங்கே 980 கல்லறைகளைத் திறந்தார். ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, நீர்வண்ண ஓவியமாகப் பதிவுசெய்ய வைத்தார். அந்தக் காலத்தில் பொன்னும் வாளும் எடுத்துக்கொண்டு குழியை மூடுவதே வழக்கம். அவர் விட்டுச்சென்ற பதிவுகள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. 1857-இல் சுவிட்சர்லாந்தின் நூஷாட்டல் ஏரிக்கரையில் லா டென் கண்டறியப்பட்டது. 1872-இல் ஸ்வீடன் அறிஞர் ஹான்ஸ் ஹில்டெப்ராண்ட் இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் ஐரோப்பிய இரும்புக் காலத்தின் இரு கட்டங்களுக்கு வைத்தார்.

பிறகு இரண்டு கல்லறைகளைப் படியுங்கள். பிரான்சின் விக்ஸில் 1953-இல் ஒரு பெண்ணின் கல்லறை கிடைத்தது, கி.மு. 500-ஐ ஒட்டியது. அவளோடு புதைத்த கிரேக்க வெண்கலக் கலம் 1.64 மீட்டர் உயரம், 208 கிலோ எடை, சுமார் 1,100 லிட்டர் கொள்ளளவு. இவ்வளவு செல்வத்தோடு புதைக்கப்பட்டவர் ஒரு பெண் என்பதை ஏற்கத் தயங்கிய ஆய்வாளர்களும் இருந்தார்கள். அந்தத் தயக்கத்தின் வரலாறே தனியாகப் படிக்க வேண்டியது, ஏனெனில் தோண்டியவரின் மனத்தடைகளும் அறிக்கைக்குள் நுழையும் என்று அது காட்டுகிறது. ஜெர்மனியின் ஹோக்டோர்ஃபில் 1978-79-இல் யோர்க் பீல் தலைமையில் அகழ்ந்த கல்லறையில், சக்கரம் வைத்த வெண்கலச் சாய்விருக்கையில் ஒரு ஆண் கிடத்தப்பட்டிருந்தார். காலடியில் சுமார் 500 லிட்டர் கொள்ளும் கொப்பரை. அதில் தேன் மதுவின் எச்சம். எச்சத்திலிருந்த மகரந்தத்தைப் பார்த்து எந்தெந்தப் பூக்களின் தேன் என்பது வரை கண்டறிந்தார்கள்.

தொல்லியல் பொய் சொல்லாது என்று சிலர் எழுதுவார்கள். பொருள் பொய் சொல்லாதுதான். ஆனால் அது எந்த மொழி பேசியவர் கையில் இருந்தது என்பதையும் சொல்லாது.

கெல்டியர் எங்கிருந்து வந்தார்கள்? மரபணு ஆய்வு இதைத் தீர்த்துவிட்டதா?

இன்னும் தீரவில்லை. பழைய பாடநூல்களில் கெல்டியர் ஆஸ்திரியா, தென் ஜெர்மனியிலிருந்து பரவினார்கள் என்று இருக்கும். 2010 முதல் பேரி கன்லிஃபும் ஜான் கோக்கும் அட்லாண்டிக் கரையோரமே கெல்டிக் மொழிகளின் பிறப்பிடம் என்று வாதிட்டார்கள். 2020-இல் பேட்ரிக் சிம்ஸ்-வில்லியம்ஸ் இரண்டையும் மறுத்து, நடுவே உள்ள காலியாதான் பொருத்தமான தொடக்க இடம் என்று எழுதினார். அந்தக் கட்டுரை இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. மூன்று தரப்பின் வாதமும் அதில் தெளிவாக இருப்பதால் முதலில் அதைப் படிக்கச் சொல்வேன்.

மரபணுவைப் பொறுத்தவரை, 793 பண்டைய மனிதர்களின் மரபணுவை ஆராய்ந்த கட்டுரை ஒன்று நேச்சர் இதழில் வந்தது. கி.மு. 1000-ஐ ஒட்டிய காலத்தில் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து தென் பிரிட்டனுக்குப் பெரும் குடியேற்றம் நிகழ்ந்ததை அது காட்டியது. கெல்டிக் மொழி அவர்களோடு வந்திருக்கலாம் என்பது ஊகம். எலும்பிலிருந்து மொழியைப் படிக்க வழியில்லை. 2025-இல் அதே இதழில் இன்னொரு கட்டுரை: இங்கிலாந்தின் டோர்செட்டில் டுரோட்ரிகஸ் இனத்தாரின் இடுகாட்டில் 57 பேரின் மரபணுவைப் பார்த்ததில், பெரும்பாலோர் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்கள். பெண்கள் பிறந்த ஊரிலேயே இருக்க, ஆண்கள் மணம் முடித்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிரிட்டனின் பெண் தலைவர்களைப் பற்றி ரோமானியர் வியப்போடு எழுதியதை இனி வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு வட்டாரத்தின் சான்றை வைத்து "கெல்டியர் தாய்வழிச் சமூகம்" என்று தலைப்புப் போடாதீர்கள். ஹோக்டோர்ஃபில் புதைக்கப்பட்டவரும் அருகே ஆஸ்பெர்க்கில் புதைக்கப்பட்ட இன்னொரு பெருந்தலைவரும் தாய்வழி மாமன் மருமகனாக இருந்திருக்கக் கூடும் என்ற 2024 ஆய்வுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

எந்தெந்த நூல்களைக் கண்டால் ஒதுங்கிவிட வேண்டும்?

முதலில், அறியப்பட்ட போலிகள். வேல்ஸ் நாட்டு எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற அயோலோ மொர்கானுக் (1747–1826) திறமையான கவிஞர், பழஞ்சுவடிகளை ஆழமாக அறிந்தவர். ட்ரூயிட்களின் ஞானம் என்று அவர் தந்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவரே புனைந்தவை. லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் 1792-இல் அவர் தொடங்கிய சடங்கு இன்றும் வெல்ஷ் பண்பாட்டு விழாவில் உயிரோடு இருக்கிறது. அது மதிக்கத் தக்க மரபுதான், பண்டைய மரபு மட்டும் அல்ல. 1920-களில் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் புனைவுகளை அம்பலப்படுத்தினார். ஆனாலும் அவற்றின் "பர்தாஸ்" என்ற தொகுப்பு இன்றும் மறுபதிப்பாகி, ட்ரூயிட் நூல் என்று விற்கப்படுகிறது. 1760-களில் ஜேம்ஸ் மேக்பர்சன் பழம்பாடல்கள் என்று வெளியிட்ட ஒசியன் பாடல்களையும் இதே வரிசையில் வையுங்கள்.

13 மரங்களின் "கெல்டிக் நாட்காட்டி" ராபர்ட் கிரேவ்ஸ் 1948-இல் வெளியிட்ட நூலில் கட்டியது. மர ஜாதகங்கள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. ஸ்டோன்ஹெஞ்ச் கட்டும் பணி கி.மு. 3000-ஐ ஒட்டித் தொடங்கியது. ட்ரூயிட்களைப் பற்றிய முதல் எழுத்துச் சான்றுகளுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது. அதை ட்ரூயிட் கோயில் என்று பரப்பியவர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பழம்பொருள் ஆர்வலர்கள்.

குண்டஸ்ட்ரப் கொப்பரையில் இருப்பது பசுபதியா? ட்ரூயிட்கள் இந்தியாவிலிருந்து போனவர்களா?

தமிழ் வாசகர்கள் மிகுதியாகக் கேட்பது இதுதான், ஆகவே பொறுமையாகப் பார்ப்போம். 1891-இல் டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் கிடைத்த வெள்ளிக் கொப்பரையில், மான் கொம்புடன் காலை மடித்து அமர்ந்த உருவம் ஒன்று இருக்கிறது, சுற்றிலும் விலங்குகள். மொகஞ்சதாரோ முத்திரையில் கொம்புத் தலையணியுடன் அமர்ந்த உருவத்தைச் சுற்றியும் விலங்குகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தோன்றும் ஒப்புமைதான். ஆனால் கொப்பரை கி.மு. கடைசி இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. முத்திரை அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முந்தியது. நடுவில் இரண்டையும் இணைக்கும் சங்கிலி எதுவும் கிடைக்கவில்லை. கொப்பரையின் வெள்ளி வேலைப்பாடு தென்கிழக்கு ஐரோப்பாவின் திரேசியப் பாணி என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், ஆகவே அது கெல்டியர் செய்ததுதானா என்பதே விவாதத்தில் இருக்கிறது. அந்த உருவத்தைக் கெர்னுன்னோஸ் என்ற கொம்புத் தெய்வமாக அழைப்பதும் ஊகம். அந்தப் பெயர் பொறித்திருப்பது பாரிஸில் நோத்ர தாம் பேராலயத்தின் அடியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படகோட்டிகள் தூணில். கொப்பரையில் எழுத்து கிடையாது.

ட்ரூயிட்கள் இந்தியப் பிராமணர்கள் என்ற கூற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. கல்கத்தாவில் ரூபன் பரோ 1790-இலேயே இதை ஐயத்துக்கு இடமில்லாத உண்மை என்று எழுதி, ஸ்டோன்ஹெஞ்சைப் புத்தர் கோயில் என்றும் சொன்னார். இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் கெல்டிக்கும் சமஸ்கிருதமும் தூரத்து உறவுதான், அதனால் சில பொதுக்கூறுகள் இருக்கவே செய்யும். தமிழ் வேறு குடும்பம். ஒலி ஒத்த சொற்களைப் பட்டியல் போட்டு ஐரிஷையும் தமிழையும் இணைக்கும் கட்டுரைகளை ஆய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மொழியின் பெருமைக்கு அந்தப் பட்டியல் தேவைப்படவில்லை.

நம் ஊரோடு உண்மையான தொடர்பு ஏதும் இல்லையா?

ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. பழைய ஐரிஷ் மொழி ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான விட்லி ஸ்டோக்ஸ் டப்ளினில் பிறந்த வழக்கறிஞர். 1862-இல் சென்னைக்கு வந்து, பிறகு கல்கத்தாவில் அரசின் சட்டப் பணியில் உயர்ந்து, 1882 வரை இந்தியாவில் இருந்தார். சட்டங்களை வரைந்துகொண்டே இடைக்கால ஐரிஷ் நூல்களைப் பதிப்பித்தார். ஐரிஷ் சமயச் சொற்பொழிவுகள் மூன்றை அவர் 1877-இல் வெளியிட்டது கல்கத்தாவில். அவருடைய பதிப்புகள் பல இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசம். மூல வாசகத்துக்கு இன்னும் பயன்படும். மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் மட்டும் புதிய பதிப்போடு ஒத்துப் பாருங்கள்.

இலவசமாக எங்கே படிக்கலாம்?

கிரேக்க, லத்தீன் நூல்களுக்குப் பெர்சியஸ் மின்னூலகம், லகுஸ் குர்டியுஸ் ஆகிய தளங்களில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. ஐரிஷ் நூல்களுக்குக் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் செல்ட் தொகுப்பு. பழைய ஐரிஷ் சொற்களுக்கு ஈடில் என்ற மின்னகராதி. சுவடிகளின் பக்கங்களையே பார்க்க வேண்டுமானால், டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்தின் ஐரிஷ் ஸ்கிரிப்ட் ஆன் ஸ்கிரீன். அதே நிறுவனம் ஓகம் (கோடுகளாலான பழைய ஐரிஷ் எழுத்து) கல்வெட்டுகளை முப்பரிமாணப் படங்களாகவும் தருகிறது. வெல்ஷ் சுவடிகளை வேல்ஸ் தேசிய நூலகத் தளத்தில் பாருங்கள்.

பிரெஞ்சு படிக்க முடிந்தால் பெர்சே தளத்தில் எத்யூத் செல்திக் இதழின் பழைய தொகுதிகள் கிடைக்கும். முடியாவிட்டாலும் மொழிபெயர்ப்பு மென்பொருளை வைத்துப் படிக்கலாம். இத்துறையின் பாதி அறிவு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கிறது, ஆங்கிலத்தோடு நின்றுவிட்டால் நிறைய இழப்போம். ஆய்விதழ்க் காப்பகமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். பிரிட்டன், அயர்லாந்தின் குன்றுக் கோட்டைகள் 4,147-ஐ வரைபடத்தில் தரும் ஹில்ஃபோர்ட்ஸ் அட்லஸ் 2017 முதல் திறந்திருக்கிறது.

முதலில் எந்தப் புத்தகம்?

பேரி கன்லிஃபின் "தி ஏன்ஷியன்ட் கெல்ட்ஸ்", 2018 இரண்டாம் பதிப்பு. 1997 முதல் பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தோற்றம் பற்றிய அவருடைய கருத்தே நடுவில் மாறிவிட்டது. அதை முடித்த கையோடு, அவரோடு முரண்படும் ஒருவரைப் படியுங்கள்: கெல்டியர் என்ற கருத்தாக்கமே எப்படி உருவானது என்று ஆராயும் ஜான் காலிஸின் 2003 நூல், அல்லது சைமன் ஜேம்ஸின் 1999 நூல். ட்ரூயிட்களுக்கு ரொனால்ட் ஹட்டனின் 2009 நூல். ஜான் கோக் பதிப்பித்த ஐந்து தொகுதிக் கலைக்களஞ்சியம் (2006) பெரிய நூலகங்களில் இருந்தால் தேடிப் போய்ப் பாருங்கள்.

விக்கிப்பீடியா, யூடியூப், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்?

விக்கிப்பீடியாவில் கட்டுரையைவிட அதன் அடிக்குறிப்புகள் உதவும். காணொளியில் பேசுபவர் எந்த நூல், எந்தப் பகுதி என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூலின் பெயரையும் இல்லாத பக்க எண்ணையும் தயங்காமல் தரக்கூடியவை. அவை சொல்லும் மேற்கோளை நீங்களே மூலத்தில் கண்ணால் பார்க்கும்வரை எழுதாதீர்கள்.

ஒரு கூற்றைச் சரிபார்ப்பதை நடைமுறையில் காட்ட முடியுமா?

"நவம்பர் 1 கெல்டியரின் புத்தாண்டு" என்பதை எடுப்போம். ஹாலோவீன் வந்தால் எல்லாச் செய்தித் தளங்களிலும் வரும். அந்த நாளுக்குச் சாவின் என்று பெயர். இடைக்கால ஐரிஷ் நூல்களில் அது ஆண்டின் நான்கு பருவ நாள்களில் ஒன்று. அயர்லாந்தின் பழைய அரச இடமான தாராவில் பெருங்கூட்டம் நடந்த நாள். ஆக நாள் உண்மை, கூட்டம் இலக்கியத்தில் இருக்கிறது. புத்தாண்டு எங்கே? பின்னோக்கித் தேடினால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜான் ரைஸிடம் போய் நிற்கிறது. வேல்ஸ், மேன் தீவு நாட்டார் வழக்குகளிலிருந்து அவர் அப்படி ஊகித்தார். ஜேம்ஸ் ஃபிரேசர் அதைப் பரப்பினார். நேரடிச் சான்று இல்லை என்று ஹட்டன் 1996-இல் விரிவாக எழுதிவிட்டார்.

கொலின்யி நாட்காட்டியில் சாவினோடு பெயர் ஒத்த சமோனியோஸ் என்ற மாதம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த மாதம் கோடையில் வந்ததா, குளிர்காலத்தின் வாசலில் வந்ததா என்பதில் ஆய்வாளர்களே உடன்படவில்லை. மேலும், 2-ஆம் நூற்றாண்டு காலியாவுக்கும் இடைக்கால அயர்லாந்துக்கும் நடுவே கடலும் பல நூறு ஆண்டுகளும் இருக்கின்றன. ஆகவே உங்கள் கட்டுரையில் இப்படி எழுதலாம்: "இடைக்கால அயர்லாந்தில் நவம்பர் 1 முக்கியமான பருவ நாள், அதைப் புத்தாண்டு என்பது 19-ஆம் நூற்றாண்டு ஊகம்." இதற்கு ஒரு மாலை நேரம் போதும், மேலே சொன்ன இலவசத் தளங்களும் போதும்.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எங்கே போவது?

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தேம்ஸ் ஆற்றில் கிடைத்த பேட்டர்சீ கேடயம் லண்டனிலும், 1896-இல் கிடைத்த பிராய்ட்டர் புதையலின் சின்னஞ்சிறு பொற்படகு டப்ளினிலும் இருக்கின்றன. விக்ஸ் கலம் ஷாட்டியோன்-சுர்-சேனிலும், ஹோக்டோர்ஃப் பொருள்கள் ஸ்டுட்கார்ட்டிலும், குண்டஸ்ட்ரப் கொப்பரை கோபன்ஹேகனிலும், ஹால்ஸ்டாட் பொருள்களில் பெரும்பகுதி வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் உள்ளன. போவதற்கு முன் அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் பொருளின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த இடத்தில், யார் கண்டெடுத்தார் என்ற விவரம் அந்த எண்ணோடுதான் இருக்கும். உங்கள் கட்டுரையில் மேற்கோளாகக் கொடுக்க வேண்டியதும் அந்த எண்தான்.